வேலங்காட்டுப் பிடிமண்

கருப்பராயன் கோயில் திடலில் அன்று காலை இருந்தவர்கள் ஏழு பேர். வேலங்காட்டுத் தோட்டத்துக் குடும்பத்தின் மூத்தவர் நல்லசாமி, வயது எழுபத்தொன்பது. அவர் மனைவி பாவாயி. நல்லசாமியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி, வயது எழுபத்தொன்று, ஓய்வுபெற்ற நில அளவையர். ஈஸ்வரமூர்த்தியின் ஒரே மகள் ஹரிணி. அவளோடு திருப்பூரிலிருந்து வந்திருந்த கருவிக்காரப் பெண் பெனாசிர். கோயில் பூசாரி மாரப்பன். ஏழாவது ஆள், சாலைக்கு அந்தப்பக்கம் பூமலர் நகரில் நாற்பத்தொன்றாம் மனையின் சொந்தக்காரர் ராஜேஸ்வரி டீச்சர். வேறு எவரும் அங்கே இல்லை. தானும் பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொல்லித் திரிகிறவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை எண்ணிக்கொள்ளலாம்.

அந்தத் திடலில் இரும்பு இறங்கக்கூடாது என்பது குடும்பத்து விதி. நாற்பத்திரண்டு வருடங்களாக அங்கே ஒரு கடப்பாரை விழுந்ததில்லை. பொங்கல் வைக்கக்கூட குழி தோண்டாமல் மூன்று கல்லை வைத்துத்தான் அடுப்பு மூட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் முப்பதடிக் குழாயை இறக்க ஈஸ்வரமூர்த்தி தன் வாயாலேயே சம்மதம் கொடுத்தார். கொடுக்க வேண்டி வந்தது.

வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தில் வில்லங்கம் பார்ப்பது பழைய வழக்கம். மண்ணில் வில்லங்கம் பார்க்கும் சட்டம் வந்து பதினொரு வருடங்கள்தான் ஆகின்றன. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. அரசாணையில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஜனங்கள் அதை நாக்கு என்கிறார்கள். கணுக்கணுவாக மாட்டி இறக்கும் எஃகுக் குழாய். அதன் நுனியில் நகக்கண் அளவுக்கு ஒரு தகடு. மனைக்குள் இறங்கும்போது அந்தத் தகடு மண்ணை அங்குலம் அங்குலமாக ருசி பார்க்கும். எந்த வருடம் எந்த உப்பு விழுந்தது, எந்த ஆழத்தில் குப்பை கிடக்கிறது, வெள்ளம் எது வரை வந்து போனது, இன்னும் நாற்பது வருடத்தில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகரும் என்றெல்லாம் கணக்கிட்டுச் சீட்டு கொடுக்கும். பச்சைச் சீட்டென்றால் அன்றே பத்திரம் பதியலாம். சிவப்பென்றால் எந்த வங்கியும் கடன் தராது, எந்த மாப்பிள்ளை வீட்டாரும் அந்த வாசல்படி மிதிக்க மாட்டார்கள்.

நாக்குக்கு ஒரு குறை உண்டு. மனுஷ நாக்கைப் போலவே அதற்கும் தானாக உப்பு எது, உறைப்பு எது என்று தெரியாது. முதலில் ஒரு நல்ல மண்ணைச் சுவைக்கக் கொடுத்து, ‘இதுதான் சுத்தம்’ என்று சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைத்தான் அது மற்ற இடங்களில் பார்க்கும். வெளியூர் மண் சரிப்படாது, நிறமும் குணமும் வேறு என்பதால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அந்தந்த வட்டாரத்திலேயே ஓர் இடத்தைக் குறிக்கச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. அதற்குத் தாய்மண் என்று பெயர்.

சாயப்பட்டறைக் கழிவு ஆறு முழுக்க ஓடிய அந்த வட்டாரத்தில் கெடாத மண் எங்கே இருக்கிறது என்று அதிகாரிகள் தேடி அலைந்தபோது எல்லாரும் கைகாட்டியது வேலங்காட்டை. காரணம் ராசப்பன். நல்லசாமிக்கும் ஈஸ்வரமூர்த்திக்கும் தகப்பனார். அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லாம் கழிவைக் கொட்டக் குழிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலத்தில், வேலங்காட்டு வாசலுக்கு வந்த டேங்கர் லாரிக்கு முன்னால் அந்த மனுஷர் மாசி வெயிலில் மல்லாந்து படுத்துவிட்டார். காலையில் படுத்தவர் லாரி திரும்பிப் போன பிறகு பொழுது சாயத்தான் எழுந்தார். பத்திரிகையில் வந்த அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. படத்தில் தகப்பனார் தலைமாட்டில் துண்டோடு நிற்பவர் நல்லசாமி. ஈஸ்வரமூர்த்தி அப்போது ராமநாதபுரம் பக்கம் வேலையில் இருந்தார்.

அதிகாரிகள் வந்த அன்று நல்லசாமி ஊரில் இல்லை. ஈஸ்வரமூர்த்திதான் எழுந்து நின்று, எங்கள் சாமி மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் ஒருமுறை நாக்கால் பார்த்துவிடலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னதற்கு, இரும்பு படாத இடம், கையால் அள்ளித்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். ராசப்பனின் மகன் சொல்லுக்கு மேல் ஒரு சான்று வேண்டும் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பின் ஒவ்வொரு அமாவாசையும் தலை குளித்து, ஈர வேட்டியோடு திடலுக்குப் போய், முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பறித்து ஒரு பிடி மண் எடுப்பார். குலதெய்வத்தைப் புது இடத்துக்குக் கொண்டுபோகும்போது எடுப்பார்களே, அதே முறையில் பிடிமண். மாரப்பன் பித்தளைச் செம்பை நீட்டுவார். அந்தச் செம்புதான் முத்திரை வைத்து அலுவலகத்துக்குப் போகும். பதினொரு வருடங்களில் ஓர் அமாவாசை தவறவில்லை. காய்ச்சலோடு ஒருமுறை போனார். மனைவி சரோஜினி இறந்த மாதமும் தீட்டு கழித்துப் போனார். ஒரு காசு வாங்கியதில்லை. பொன்னாடை போர்த்த வந்தபோதும் விலகிக்கொண்டார். அந்த மண்ணை வைத்துப் பச்சைச் சீட்டு வாங்கிய வீடுகள் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒரே வரி இருக்கும்: ‘தாய்மண் வழங்கியவர் ரா. ஈஸ்வரமூர்த்தி, வேலங்காடு.’ முப்பத்தாறு வருட நில அளவை வேலையில் அவர் போட்ட கல்லை எவனும் பிடுங்கி நட்டதில்லை. அந்தப் பெருமையைவிட இந்த வரியின் பெருமை அவருக்குப் பெரிது.

ஹரிணியின் கணவன் கப்பல் வேலைக்காரன். ஆறு மாதம் தண்ணீரில்தான் இருப்பான். அப்பாவுக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிக்கொள்வது என்று அவள் முடிவு செய்தபோது ஈஸ்வரமூர்த்திக்கு மனசு நிறைந்துபோனது. ராஜேஸ்வரி டீச்சர் சேலத்தில் மகனோடு போய் இருப்பதற்காக நாற்பத்தொன்றாம் மனையை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டை அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிழக்குப் பார்த்த வாசல், ஓட்டு முகப்பு, சீட்டு பச்சை. அதற்கு மேல் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஹரிணி அவர் மகள். அளக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒரு வாரம் காலையும் மாலையும் பூமலர் நகருக்குப் போய் வந்தாள். பால்காரரை நிறுத்தி, எந்தெந்த வீட்டில் திடீரென்று பால் வேண்டாம் என்று சொன்னார்கள் என்று விசாரித்தாள். சிறுநீரகம் கெட்டால் வைத்தியர் நிறுத்தச் சொல்வதில் பாலும் ஒன்று. தென்னைமரங்களை அண்ணாந்து பார்த்தாள். எல்லாக் கீற்றும் நுனியில் கருகியிருந்தது. போர் தண்ணீரில் அரிசி களையச் சொல்லி நின்று பார்த்தாள். நுரை வடியவே இல்லை. நூற்றறுபது வீடுள்ள நகரில் பால் பூத்துக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸ் நிலையம் ஒன்று திறந்திருந்தது. அதில் உட்கார இடமில்லை. டீச்சரின் கணவருக்கும் இரண்டு வருடம் அங்கேதான் வைத்தியம் நடந்தது. சென்ற ஆனியில் போய்விட்டார்.

கூடப் படித்த பெனாசிரை அழைத்துக்கொண்டு போய் அதே மனையில் மறுபடி நாக்கை இறக்கிப் பார்த்தாள். பெனாசிரிடம் வேறு வேலைக்காக வைத்திருந்த கொல்லிமலை மண் கொஞ்சம் இருந்தது. சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஹரிணி நேராக அப்பாவிடம் வந்தாள்.

“கோவிச்சுக்காம கேளுங்ப்பா. அதே மனை, அதே குழாய், அதே ஆழம். நம்ம மண்ணை வெச்சுப் பார்த்தாப் பச்சைங்குது. கொல்லிமலை மண்ணை வெச்சுப் பார்த்தாச் செவப்புங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது.”

“கொல்லிமலையில இருந்து நமக்குப் புத்தி சொல்ல ஆள் வந்தாச்சா?”

“ஆளு யாரும் வரலீங்ப்பா. ஒரு டப்பா மண்ணுதான் வந்துச்சு.”

இரண்டு நாள் அவர் மகளோடு பேசவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் கூடத்துப் படம் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள், அவர் மனசுக்குள் ஒரு தீர்மானம் வந்தது. சந்தேகம் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை மூடி வைப்பது தகப்பனார் பேருக்கு அழகில்லை. திடலிலேயே நாக்கை இறக்கி எல்லார் வாயையும் அடைத்துவிட வேண்டியதுதான்.

அண்ணனிடம் போய்ச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அண்ணன். எழுபத்தொரு வயதிலும் அண்ணன் எதிரில் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் உட்கார மாட்டார். சாமி குத்தம் ஆகிவிடும் என்றார் நல்லசாமி. அப்பா பேருக்காக என்று தம்பி சொன்னதும், அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் பாவாயியைக் கூட்டிக்கொண்டு தானும் வருவதாகச் சொல்லியனுப்பினார். ராஜேஸ்வரி டீச்சர், விற்கப்போவது என் வீடு, என் காதால் நான் கேட்க வேண்டும் என்று தானாக வந்தார்.

அன்று காலை மாரப்பன் சூடம் காட்டி, இரும்பு இறங்குவதற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போது குரல் நடுங்கியது. சாமி பயம் என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்துக்கொண்டார். எந்த இடத்தில் இறக்கட்டும் என்று பெனாசிர் கேட்டதும் முதலில் கை நீட்டியவர் நல்லசாமி. வடக்கு ஓரமாக வேப்பமரத்தடியைக் காட்டினார். நிழலாக இருக்கிறது, அந்தப் பிள்ளை வெயிலில் நின்று கருகவேண்டாம் என்றார். பெனாசிரும் சரியென்று அந்தப் பக்கம் பெட்டியைத் தூக்கினாள்.

ஈஸ்வரமூர்த்தி தடுத்தார். ஓரத்தில் போட்டால் நாளைக்கே, ஓரத்தில் போட்டுவிட்டார்கள் என்று ஒருவன் கிளம்புவான். நான் மண் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சாமிக்கு நேர் எதிரில் இறக்கட்டும் என்றார். பழைய வழக்கப்படி பீடத்திலிருந்து அடியளந்து வந்து, குதிகாலால் ஒரு குறி போட்டார். நல்லசாமி மறுபடியும் வேப்பமரத்தைச் சொன்னார். பெனாசிர் முதல் கணுவை நிமிர்த்தியபோது எழுந்து வந்து குழாயைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“ஈசு, அங்க வேண்டாம்.”

அண்ணன் கையை ஈஸ்வரமூர்த்தி தன் கையால் எடுத்து விலக்கினார். பிறந்ததிலிருந்து அதுவரை அவர் செய்யாத காரியம். “நம்ம மண்ணுக்கு நாம எதுக்குங்ணா பயப்படணும்?” என்றார்.

குழாய் இறங்கியது. நாலடி வரை பெனாசிர் கணுக்களை மாட்டிக்கொண்டே போனாள். கொல்லிமலை மண்ணை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தடியில் புருவத்தை நெரித்தாள். ஏழடியில் ஒருமுறை நிறுத்திக் கருவியின் திரையைப் பார்த்தாள். இருபதடி தாண்டும் வரை இறக்கிவிட்டு, உள்ளே சிக்கிய மண்ணைத் தண்டோடு வெளியே இழுத்து ஒரு பலகையில் தட்டினாள்.

மேலே செம்மண். அதற்கடியில் ஒரு சாண் களிமண். அதற்கும் அடியில் வந்தது கருநீலம். கோலப்பொடியைக் குழைத்து இறுக்கியது போல, ஒரு பட்டை நீலம், ஒரு பட்டை கருஞ்சிவப்பு, மறுபடி நீலம். வெயில் பட்டதும் அழுகல் முட்டை நாற்றம் கிளம்பியது. ராஜேஸ்வரி டீச்சர் குனிந்து பார்த்தார். எங்கள் வீட்டுப் போர் மோட்டாரைக் கழற்றியபோது குழாயின் உள்பக்கம் இதே நிறத்தில்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார்.

“இது என்னம்மா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“சாயக்கழிவுங்கய்யா. ஏழடியில ஆரம்பிச்சு இருபதடி வரைக்கும் போகுது. அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, மேல களிமண்ணைப் போட்டு மூடியிருக்காங்க. இந்தச் செம்மண்ணு இந்தத் தோட்டத்து மண்ணே இல்ல. எங்கிருந்தோ கொண்டாந்து கொட்டுனது.”

“ஏழடிக்குக் கீழதான இருக்குது. நான் அள்ளுறது முழங்கை ஆழம்.”

“உப்பு மேல ஏறுங்கய்யா. விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி. ஒவ்வொரு கோடைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். நீங்க அள்ளிக் கொடுத்த மண்ணுல இதே உப்பு இருந்திருக்கு. நாக்குக்கு அதத்தான சுத்தம்னு சொல்லிக் கொடுத்தோம். அப்புறம் எந்த மனையில இதே உப்பைப் பார்த்தாலும், இது எப்பவும் இருக்கறதுதான்னு கழிச்சுட்டுப் பச்சை காட்டியிருக்கு.”

“எந்த வருசம் விழுந்தது?”

அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள். நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்பு. ஒரே கோடை.

ஈஸ்வரமூர்த்தி கணக்குப் போடத் தேவையில்லை. தகப்பனார் லாரிக்கு முன்னால் படுத்த வருடம் அது. பங்குனியில் அவர் பக்கவாதத்தில் விழுந்தார். சித்திரையிலும் வைகாசியிலும் ஈஸ்வரமூர்த்திக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆவணியில் வந்தபோது, கருப்பராயன் அண்ணன் கனவில் வந்து தன்னை நடுத்தோட்டத்துக்கு மாற்றச் சொன்னதாக வீட்டில் சொன்னார்கள். பழைய இடமான வடக்கு எல்லையிலிருந்து பிடிமண்ணைப் புதுச் சட்டியில் எடுத்து, மஞ்சள் துணி சுற்றி, ஈஸ்வரமூர்த்தியின் தலையில்தான் வைத்தார்கள். செருப்பில்லாமல் முள்ளில் நடந்து வந்து அவர்தான் இந்த இடத்தில் இறக்கி வைத்தார்.

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். நல்லசாமி பீடத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். கேட்கப்படாமலே சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வருடம் கிணறு மூன்றும் வற்றிவிட்டன. மாடு ஒன்றொன்றாகப் படுத்தது. தகப்பனாருக்கு வாயில் ஊற்றத் தண்ணீரில்லை. பட்டறைக்காரர்கள் தினமும் இரண்டு லாரி நல்ல தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக, புதுக் கிணற்றுக்கு வெட்டிப் பாதியில் விட்டிருந்த பெரிய குழி. முன்வாசலில் தகப்பனார் படுத்த இடத்தில் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. லாரி பின்வாசலில் வந்தது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“கெணத்துல ஊத்து பொறந்துருக்குன்னு சொன்னேன். சந்தோசமாக் குடிச்சாரு.”

“சாமிய எதுக்குங்ணா இங்க மாத்துனீங்க?”

“யாரும் தோண்டக் கூடாதுன்னுதான். வீடு கட்டுனாத் தோண்டுவாங்க. தென்னை வெச்சாத் தோண்டுவாங்க. சாமி உக்காந்துட்டா நாஞ் செத்த பொறவும் ஒருத்தனும் தோண்ட மாட்டான்.” நல்லசாமி மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நல்லதுக்குத்தான் வெச்சேன், ஈசு.”

“பதினோரு வருசம் நான் அள்ளிக் கொடுத்தேன். சுவத்துக்கு அந்தாண்டை இருந்து பார்த்துட்டுத்தான இருந்தீங்க?”

“நீ வாக்குக் கொடுத்த அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. வந்து பார்த்தா உன்ற பேரு பேப்பர்ல வந்துருச்சு. உன்ற மூஞ்சியப் பார்த்தேன். சொல்ல வாய் வரல.”

அப்போது பாவாயி பேசினார். சொல்லிவிடச் சொல்லி நான் நாலு தடவை கேட்டேன் என்றார். தன்மேல் பழி வேண்டாம் என்று நினைத்துச் சொன்னாரோ என்னவோ, அந்த வார்த்தைதான் ஈஸ்வரமூர்த்தியை அறைந்தது. அவர் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் சூடத்தட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, எங்கப்பன்தானுங் சின்னவரே குழிக்கு ஷீட் விரிச்சான், எனக்கு அப்ப பதினாறு வயசு என்றார். மாதாமாதம் செம்பை நீட்டிய கை அது. திடலில் இருந்த ஏழு பேரில் மூன்று பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. வேலங்காட்டு ஆட்களில், அந்த மண்ணுக்கு வாக்குக் கொடுத்தவருக்குத்தான் தெரியாமல் இருந்தது.

பெனாசிர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னாள். இது சொந்தமாகப் பார்த்த சோதனை. நிலத்துக்காரர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அலுவலகத்துக்குப் போகும். போடாவிட்டால் குழாயைப் பிடுங்கிக் குழியை மூடிவிடலாம். கருவியில் எதுவும் தங்காது. ஹரிணி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லசாமி தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் வந்த ஆசையைப் பார்க்க ஈஸ்வரமூர்த்திக்கு அருவருப்பாக இருந்தது.

ராஜேஸ்வரி டீச்சர் முன்னால் வந்தார். “நீங்க கையெழுத்துப் போட்டா என் வீட்டைத் தொட ஆள் வராது. என் வீடு மட்டுமில்ல, ரெண்டாயிரம் வீடும் அப்படித்தான். எல்லாரும் ஆயுசுக்கும் உழைச்சு வாங்கினதுங்க.” சற்று நிறுத்தி, தரையில் கிடந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க வீட்டுக்காரர் எதனால போனாருன்னு இதுவரைக்கும் யாருமே எனக்குச் சொல்லல. நான் உங்களைப் போடுங்கன்னும் சொல்ல மாட்டேன், போடாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்.”

கருவிப் பெட்டியின் மூடியை மடக்கி அதன்மேல் வைத்து ஈஸ்வரமூர்த்தி கையெழுத்துப் போட்டார். குழி வெட்டியது யார், லாரி எந்த வாசலில் வந்தது என்பதையும் தன் கையாலேயே எழுதினார். அண்ணன் பெயரை எழுதும்போது, மரியாதைக்காக வழக்கமாகப் போடும் ‘திரு’வை விடவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் தபால் போனது. தபால் போவதற்கு முன்பே அவர் புறப்பட்டுவிட்டார். கோயில் பொங்கலுக்கு வீடு வீடாகப் போய் அழைப்பார்களே, அதே ஒழுங்கில் தெரு தெருவாகப் போனார். தட்டும் குங்குமமும் இல்லை; சீட்டுப் பதிவேடு ஒன்றுதான் கையில். வாசலுக்கு வெளியே நின்று, நான் கொடுத்த மண் கெட்ட மண், உங்கள் பச்சைச் சீட்டு தப்பு, போர் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று மூன்றே வாக்கியம் சொல்வார். எந்த வீட்டிலும் உட்காரவில்லை. கொடுத்த மோரை வாங்கவில்லை. கேட்டைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பெருமாள் கோயில் வீதியில் ஒரு கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “செம்பு செம்பா மண்ணள்ளிக் கொடுத்தீங்களே, எல்லாம் எங்க வாயில போடத்தானுங்களா?” என்று கேட்டார். பதிவேட்டில் அந்தப் பெயருக்கு எதிரில் குறி போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு குறி போட ஐந்து மாதம் பிடித்தது.

அந்த ஐந்து மாதமும் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் பேசவில்லை. நல்லசாமி ஒருநாள் வாசலில் வந்து நின்று, தகப்பனாருக்குத் தண்ணீர் கொடுத்தது ஒரு குத்தமா என்று மட்டும் கேட்டார். தண்ணீர் கொடுத்தது குத்தமில்லை என்று ஈஸ்வரமூர்த்தி ஹரிணியிடம் சொல்லி, அதை அண்ணனிடம் சொல்லச் சொன்னார். மற்றது அவருக்கே தெரியும் என்றார்.

பதிவேடு முடிந்த அன்று வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்தார். கூடத்துப் படத்தை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று ஹரிணி கேட்டபோது வேண்டாம் என்றார். படத்தில் அண்ணன் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்கும்படி அதை அவர் வீட்டுக் கூடத்திலேயே மாட்டிவிடு என்றார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அவளுக்கு முதலில் புரியவில்லை. ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்ததை எல்லாம் போட்டு, ராஜேஸ்வரி டீச்சரின் வீட்டை வாங்கியிருந்தார். பேரம் பேசவில்லை. சேலத்துக்குப் போகிற அன்று டீச்சர், நீங்கள் எனக்குப் பரிகாரம் செய்ய வேண்டியதில்லை என்று சொல்லி அழுதார். ஹரிணியும் அழுதாள், அடிப்பதைப் போலக் கத்தினாள். எந்த மண்ணில் குடியிருக்க மாட்டேன் என்று மூன்று நாள் மல்லுக்கட்டினாளோ அந்த மண்ணில் அப்பா போய் இருப்பதா என்று கேட்டாள்.

“அந்த வீட்டுக்குப் பச்சைன்னு என்ற பேரு போட்டுச் சீட்டுக் கொடுத்திருக்குது கண்ணு. பச்சை வெலைக்கு அதை நாந்தான் வாங்கோணும்.”

ஹரிணி ஈரோட்டில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறாள். நல்லசாமி இன்னும் வேலங்காட்டில்தான் இருக்கிறார். அரசாங்கம் திடலைச் சுற்றி வேலி போட்டு, கருப்பராயனை மறுபடி வடக்கு எல்லைக்கு மாற்றச் சொல்லிவிட்டது. அந்தப் பிடிமண்ணைத் தலையில் சுமக்க ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

இப்போது பூமலர் நகர்ப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர்கள் நாற்பத்தொன்றாம் மனையைக் காட்டுகிறார்களாம். ஈஸ்வரமூர்த்தியே குடிவந்துவிட்டார், மண்ணில் கோளாறு இருந்தால் அப்பேர்ப்பட்ட மனுஷர் வருவாரா, எல்லாம் அண்ணன் தம்பி தகராறில் கிளப்பிவிட்ட புரளி என்கிறார்களாம். அதை நம்பி இரண்டு குடும்பம் முன்பணம் கொடுக்கும் வரை போயிருக்கிறது.

அது உண்மையல்ல. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. ஈஸ்வரமூர்த்தி குடிப்பது கேன் தண்ணீர். நாற்பத்தொன்றாம் மனையைப் பெனாசிர் போன மாதம் மூன்றாம் முறையாகப் பார்த்தாள், சிவப்பு. வேலங்காட்டு மண்ணை வைத்துப் பார்த்தால் மட்டும்தான் அது பச்சை.